மணல்தோப்பில் ஐந்து மழைக்காலம்

மணல்தோப்பைப் பற்றி இப்போதும் யாராவது என்னிடம் பேச்செடுப்பதுண்டு. பெரும்பாலும் சின்ன வயதில் அப்பா அம்மாவோடு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனவர்கள். மடுவில் குளித்தது, மணலில் உருண்டது, இலுப்பை மரத்து ஊஞ்சல், அங்கே சாப்பிட்ட கறிக்குழம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கண் கலங்குகிறவர்களும் உண்டு. நான் தலையாட்டிக்கொண்டு கேட்பேன். அந்தக் கறிக்குழம்பை வைத்தவள் நான்தான். அவர்கள் ஒரு நாள் இருந்த இடத்தில் நான் ஐந்து மழைக்காலம் இருந்தேன். அதனால் எனக்கு அந்த இடத்தின் ஞாபகம் வேறு மாதிரி.

தோப்பு மதுரைக்குக் கிழக்கே, வைகையின் வடகரையில் இருந்தது. இலுப்பையும் புளியும் நாலைந்து தென்னையும். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீண்டு கிடக்கும் மணல்மேடு. அதன் ஓரத்தில் பங்குனி வெயிலிலும் வற்றாத ஒரு மடு. குளிக்க, படுக்க, சமைத்துச் சாப்பிட, சும்மா உட்கார்ந்திருக்கத் தோதான இடம். அதை அப்படி ஆக்கியது என் அத்தை, அப்பாவின் அக்கா.

அந்தக் காலத்தில் சேரியில் பிறந்தவர்கள் மதுரைக்கு வந்தால் உட்கார இடம் கிடையாது. சத்திரத்தில் படுக்க முடியாது. காப்பிக் கிளப்புக்குள் நுழைய முடியாது. குளத்துப் படிகளில் கால் நனைக்க முடியாது. சித்திரைத் திருவிழாவுக்கு அலங்காநல்லூர்ப் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். கூட்டத்திலிருந்து தள்ளி வெயிலில் நின்று பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றை நின்றபடியே தின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

அத்தை இளம் வயதிலேயே தாலியறுத்தவள். ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கும் ஆயாவாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். கோடையானால் அந்தக் குடும்பம் கடற்கரைப் பங்களாவுக்குப் போகும். அத்தையும் கூடப் போவாள். காலையில் கடலில் குளிப்பார்கள், பகலெல்லாம் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கிடப்பார்கள், சாயங்காலம் காற்று வாங்குவார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள முழங்கால் வரைதான் அத்தை தண்ணீரில் இறங்கலாம். எனக்கு அவள் அதைச் சொன்னபோது குறையாகச் சொல்லவில்லை. அதிசயமாகத்தான் சொன்னாள்.

"சும்மா இருக்கிறதுக்குன்னே ஒரு எடம் கட்டி வச்சிருக்காக புள்ள. நம்ம சனம் ஒரு நா சும்மா இருந்து நான் பாத்ததில்ல."

அந்தக் குடும்பம் சீமைக்குக் கப்பலேறியதும் அத்தை தோப்பைக் குத்தகைக்குப் பிடித்தாள். நிலம் கோரிப்பாளையத்தில் தோல் வியாபாரம் செய்த ஒரு ராவுத்தருடையது. எங்கள் ஆட்களிடம்தான் அவருக்குத் தோல் கொள்முதல். அதனால் அத்தைக்கு ஏற்கெனவே பழக்கம். அவள் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, தோப்பு சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள் தங்கச்சி என்றாராம்.

மூன்று கொட்டகை போட்டாள். எங்கள் ஆட்களை வைத்தே கிணறு வெட்டினாள். மடுவில் பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குத் தென்னந்தட்டி கட்டினாள். துரைசானி கொடுத்துவிட்டுப் போன பிரம்பு நாற்காலி ஒன்றைப் புளியமரத்தடியில் போட்டாள். முதல் வருஷம் அதில் உட்கார யாருக்கும் துணிவு வரவில்லை என்பாள். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்த ஒரு பெரியவர் நுனியில் உட்கார்ந்தாராம். யார் கடந்து போனாலும் எழுந்துகொண்டாராம். சாயங்காலத்துக்குள் இருபது தடவை எழுந்திருப்பார் என்று சொல்லி அத்தை சிரிப்பாள்.

பிறகு கூட்டம் சேர்ந்தது. மில் தொழிலாளிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், லீவில் வந்த சிப்பாய்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண்கள். எல்லோரும் எங்கள் சனம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது ஐம்பது பேர்கூட வருவார்கள்.

ஆனால் வருவதற்கு ஒரே வழிதான். தோப்புக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்த் தெருவழியே வந்தால் கூப்பிடு தூரம். எங்களுக்கு அந்தத் தெரு கிடையாது. தோப்பின் இரண்டு பக்கமும் ஊராரின் வயல். வரப்பில் நடக்கக் கூடாது. ஆற்று மணலில் இறங்கி மதுரையிலிருந்து நடந்தே வர வேண்டும், அப்படியே திரும்ப வேண்டும். தோப்புக்குள் வரும்வரை செருப்பைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். ஊரில் திருவிழா நடந்தால் தோப்பில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. குத்தகை எடுத்த அன்றே ஊர்ப் பெரியவரிடம் போய் இதற்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை முதல் மூங்கிலை நட்டாள்.

இனி என் கதை. எனக்குப் பதினெட்டு வயதில் கல்யாணமானது. நாற்பது நாள் கழித்து அவர் ரங்கூனுக்குப் போனார், அரிசி ஆலை வேலைக்கு. இரண்டு வருஷத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். மாமியார் வீட்டில் எனக்கும் சேர்த்துச் சோறு போட வழியில்லை. பிறந்த வீட்டில் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அத்தை வந்து என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனாள். அவர் வரும்வரைதான் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

தபால்காரர் தோப்புக்கு வர மாட்டார். கடிதம் கோரிப்பாளையத்தில் ராவுத்தர் கடைக்கு வரும். முதல் வருஷம் மூன்று வந்தது. இரண்டாம் வருஷம் ஒன்று. அதற்குப் பிறகு நான் கடைக்குப் போய் நிற்பேன். ராவுத்தர் கணக்குப்பிள்ளையைப் பார்ப்பார், கணக்குப்பிள்ளை தலையை ஆட்டுவார். இன்ஷா அல்லா, அடுத்த கப்பலில் வரும் என்பார் ராவுத்தர். திரும்ப ஆற்று மணலில் நடந்து வருவேன்.

காலையில் அடுப்பு, அப்புறம் கிணறு, பாத்திரம், மறுபடி அடுப்பு. வருகிறவர்கள் சும்மா இருப்பதற்காக நானும் அத்தையும் ஒரு நிமிஷம் சும்மா இல்லை. சாயங்காலம் அவர்கள் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு மணலில் இறங்கி மேற்கே நடப்பார்கள். நான் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தூரத்தில் மதுரைப் பெரிய கோயில் கோபுரங்கள் தெரியும். போகிறவர்கள் உருவம் சிறுத்துச் சிறுத்து மறைகிறவரை நின்றுவிட்டு உள்ளே வருவேன்.

மழைக்காலம் வந்தால் அதுவே பரவாயில்லை என்று தோன்றும். ஐப்பசியில் ஆறு நிறைந்தால் மணல் வழி இல்லாமல் போய்விடும். தெற்கே தண்ணீர், வடக்கே ஊர், இரண்டு பக்கமும் வயல். மூன்று வாரம், சில வருஷம் ஐந்து வாரம், நானும் அத்தையும் மட்டும். முதல் மழைக்காலத்தில் பயந்தேன். இரண்டாவதில் அழுதேன். மூன்றாவதில் கோபம் வந்தது. ஊர்த் தெருவில் யாரோ மாட்டை அதட்டும் குரல்கூடத் தோப்பில் கேட்கும். அவ்வளவு பக்கம். எங்காவது போய் வேலை பார்க்கிறேன் என்று அத்தையிடம் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, நீயும் போய்விட்டால் இங்கே யார் என்று கேட்டாள். எனக்குச் சோறு போட்டவள் அவள். நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தேன்.

ஐந்தாவது மழைக்காலத்தில்தான் அது நடந்தது. தீபாவளி கழிந்த மறுநாள். மில்லில் வேலை பார்க்கும் ஒருவர், அவர் மனைவி, அவருடைய இரண்டு தம்பிமார் காலையில் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், தனியாள், மாதம் ஒரு தடவையாவது வருவாள். வரும்போதெல்லாம் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவாள். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். மத்தியானத்துக்கு மேல் மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. நாங்கள் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் கரைத்த மாதிரி வந்தது. ஒரு மணி நேரத்தில் மணல்மேடு முழுகிவிட்டது.

அன்று சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் நடுக்கொட்டகை சாய்ந்தது. அதன் உத்தரக்கட்டை மில்காரர் வலது கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. நர்ஸம்மா என் பழைய சேலையைக் கிழித்து, தென்னைமட்டையை வைத்துக் கட்டினாள். விடிந்தபோது அவருக்கு உடம்பு கொதித்தது. அடுத்த நாள் கட்டுக்கு மேலே கால் வீங்கி நிறம் மாறியிருந்தது. நர்ஸம்மா குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்கு ஆஸ்பத்திரி போனால் காலை வெட்ட வேண்டியிருக்கலாம், நாளைக்குப் போனால் ஆளே இருக்க மாட்டார் என்றாள்.

அத்தை தோப்பு எல்லைக்குப் போய் நின்று கூப்பிட்டாள். நானும் பின்னால் போனேன். ஊர்ப் பெரியவர் குடையோடு வந்து வரப்பின் மேல் நின்றார். அத்தை கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தெருவழியே கட்டிலில் தூக்கிப்போய்ச் சாலையில் வண்டி பிடித்துக்கொள்கிறோம், ஒரே ஒரு தடவை என்று கேட்டாள்.

அவர் கெட்டவர் இல்லை. முந்தின நாள் வரப்பில் அரிசியும் ஒரு பானை மோரும் வைத்துவிட்டுப் போகச் சொன்னவர் அவர்தான். எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வெள்ளம் ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். பொறுத்துக்க."

"கால் அழுகுதுங்கய்யா."

"தெரு எனக்கு ஒருத்தனுக்குச் சொந்தமா? இன்னக்கி நான் விட்டா, நாளைக்கி எம் பங்காளிக என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டாக. போயி, இருக்கிறத வச்சுப் பாத்துக்க."

அத்தை கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். கொட்டகைக்கு வந்து, பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றாள். மில்காரர் மனைவி அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவள் பொறுக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

நர்ஸம்மாதான் முதலில் எழுந்தாள். தம்பிமார் இரண்டு பேரிடமும், கட்டிலின் முன்கால்களை நீங்கள் பிடியுங்கள், பின்பக்கம் நாங்கள் பிடிக்கிறோம் என்றாள். நான் அவள் பக்கம் போனேன். அத்தை வழியை மறித்து நின்றாள்.

"ஏ புள்ள, இன்னக்கி அந்தத் தெருவுல கால வச்சிட்டா நாளைக்கி இந்தத் தோப்பு இருக்காது. எம்புட்டுப் பாடுபட்டு வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"இல்லாட்டிப் போகட்டும் அத்தை" என்றேன்.

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நீங்களும் வாருங்கள் என்றேன். அவள் கிணற்றடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நல்ல பகல். மழை விட்டிருந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டினோம். மில்காரர் மனைவி பக்கத்தில் நடந்து அவர் காலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். தெரு நான் நினைத்ததைவிடச் சின்னது. இருபது வீடு இருக்கும். ஒரு திண்ணையில் நெல் காயப் போட்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் கன்றுக்குட்டி கட்டிக் கிடந்தது. இதற்காகவா என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

எங்களைப் பார்த்ததும் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். தெரு நடுவில் ஒருவன் கம்போடு வந்து நின்றான். என் வயதுதான் இருக்கும். கட்டிலைப் பார்த்தான். காலைப் பார்த்தான். வாடை அடித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான். பிறகு நர்ஸம்மா காலில் கிடந்த பூட்ஸைக் காட்டினான்.

"செருப்பக் கழட்டு."

நர்ஸம்மா கட்டிலை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, நின்றபடியே இரண்டையும் கழற்றினாள். குனிந்து எடுத்து மில்காரரின் கால்மாட்டில் கட்டில் மேலேயே வைத்தாள். அவன் ஒதுங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் கடந்து போனோம். அவ்வளவுதான். முழுத் தெருவும் நடக்க நூறு எண்ணும் நேரம்கூட ஆகவில்லை. ஐந்து வருஷம் எனக்கும் சாலைக்கும் நடுவில் கிடந்தது அதுதான்.

பல மாதம் கழித்து நர்ஸம்மாவிடம், எதற்காகக் கழற்றினீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கு நான் காப்பாற்ற வேண்டியது பூட்ஸ் இல்லையே என்றாள். எனக்கு அந்தப் பதில் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனாலும் அவள் சொன்னதில் தப்பும் காண முடியவில்லை.

சாலையில் விறகு ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் பாதி விறகை இறக்கிவிட்டு இடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார். பிறகு அதே மில்லில் வாசல் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் நான் தோப்புக்குத் திரும்பவில்லை. இரண்டு தடவை ஆற்றுப் பாலம் வரை போனேன். மணலில் இறங்கக் கால் வரவில்லை. நர்ஸம்மா சொல்லி ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை கிடைத்தது. பின்பக்கம் தங்க ஓர் அறை.

அத்தை சொன்னது போலவே நடந்தது. ஊரார் தோப்பு எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு வேலி கட்டினார்கள். மடுவில் செத்த மாட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். அவளைக் காலி செய்யச் சொல்லி ராவுத்தரிடம் ஆள் அனுப்பினார்கள். நிலம் என்னுடையது, யார் இருப்பது என்று நான் சொல்கிறேன் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு தோப்புப் புளி ஏற்றிய அவருடைய வண்டியை அந்தத் தெருவில் விடவில்லை. அவரும் ஆட்களை வைத்து ஆற்று வழியே சுமந்துகொண்டு போனார். அத்தை தனியாகவே அடுப்பை மூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. யார் மூலம் சொல்லி அனுப்பினாலும் எனக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை.

பெரிய கோயில் கதவு எங்களுக்குத் திறந்தது அதற்கு அடுத்த வருஷம். சனம் அங்கே போகத் தொடங்கியது. சில காப்பிக் கிளப்புகளில் தயங்கித் தயங்கியாவது உள்ளே விட்டார்கள். அலங்காநல்லூரிலிருந்து வருகிறவர்கள் இனி எதற்கு மணலில் அவ்வளவு தூரம் நடப்பது என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை ஒரு படிச் சோறு வடித்துவிட்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது, அன்று எனக்கு வார்டில் வேலை ஓடவில்லை.

யுத்தத்தில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கால் வெடித்து, எலும்பும் தோலுமாக. ஒவ்வொருவரிடமும் நான் விசாரித்தேன். ஒருவருக்கு என் புருஷனைத் தெரிந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். அங்கே ஒரு பர்மாக்காரியோடு குடும்பம் நடத்துகிறாராம், இரண்டு பிள்ளைகள், அவர்களை விட்டுவிட்டு வர மனமில்லை என்றாராம். நான் அந்த மனிதரின் புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு முடித்தேன். அழுகை வரவில்லை. கோபமும் புருஷன் மேல் அதிகம் வரவில்லை. அவர் வருவார் என்று சொல்லிச் சொல்லி என்னை நானே அங்கே கட்டிப்போட்டிருந்தேன் என்பதுதான் உறுத்தியது.

ராவுத்தர் இறந்ததும் அவர் பிள்ளைகள் தோப்பைச் செங்கல் சூளைக்காரனுக்கு விற்றார்கள். ஒரு மத்தியானம் அத்தை ஒரு தகரப் பெட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவள்தான் முதலில் கேட்டாள்.

"அந்தக் காலு ஒடிஞ்ச மனுசன் எப்பிடி இருக்காரு?"

நன்றாக இருக்கிறார், போன வருஷம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார் என்றேன். சரி என்றாள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

என்னோடு மூன்று வருஷம் இருந்தாள். சாயங்காலமானால் ஆஸ்பத்திரி கேட் வரை நடந்து, உள்ளேயே நின்று தெருவைப் பார்ப்பாள். கோயிலுக்குப் போகலாம், கடைத்தெருவுக்குப் போகலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். இன்னொரு நாள் வாரேன் என்பாள். கேட்டுக்கு வெளியே அவள் ஒரு தடவைகூடத் தானாகப் போனதில்லை. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் பிடிபட்டது, யாரும் தடுக்காத ஒரு தெருவில் எப்படி நடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் இடம் செய்து கொடுத்தவளுக்கு அது மட்டும் கைவரவில்லை.

அவள் போன பிறகும் நான் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். பரீட்சை எழுதி நர்ஸானேன். வேலை முடிந்து வெளியே வந்தால் கொஞ்ச நேரம் சாலை ஓரத்தில் நிற்பேன். இடது பக்கம் போனால் பாலம். வலது பக்கம் போனால் தல்லாகுளம். எந்தப் பக்கம் போகலாம் என்று நானே முடிவு செய்வதற்காகத்தான் அந்த நிற்பு. பல நாள் எங்கும் போகாமல் அறைக்கே திரும்பிவிடுவேன். அது என் இஷ்டம்.